மேடையேறிய ஆதாரம்

அந்த மேடையில் அவர் நின்றபோது போட்டிருந்த சட்டை என்னுடையது. தோளைப் பிடித்தது, கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்டது. வலை இழுத்துக் காய்த்துப்போன கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முன்னால் கட்டுவார், பின்னால் கட்டுவார். எதிரே புதுக்கோட்டைப் பள்ளிக்கூட மண்டபம் நிறைய டாக்டர்களும் நர்சுகளும். அறுபதுகளின் தொடக்கம் அது. மனநோய் வந்தவர்களுக்கு அவரவர் ஊரிலேயே வைத்து வைத்தியம் பார்க்க முடியுமா என்று பேசக் கூடிய கூட்டம். மணமேல்குடிப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். அவர் எங்கள் நோயாளி, மீனவர். அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனவன் நான்தான்.

எங்கள் டாக்டர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் நம்பமாட்டீர்கள். "பைத்தியத்துக்கு மெட்ராஸ்தான் வைத்தியம்னா, பஸ்ஸுக்கு வழியில்லாதவன் எங்கய்யா போவான்?" என்று எல்லாக் கூட்டத்திலும் எழுந்து கேட்பார். பெரிய டாக்டர்கள் சிரித்துக்கொண்டே, "ஆதாரம் இருக்கா?" என்பார்கள். அந்த ஆதாரம்தான் இந்த மீனவர். தூக்கமில்லாமல், தனக்குத் தானே பேசிக்கொண்டு, வீட்டுத் தூணில் கால் கட்டப்பட்டுக் கிடந்தவர். புதிதாக வந்த மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுக்க, வாரம் தவறாமல் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். விஷக்காய்ச்சல் என்று வீட்டார் குப்பத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். நானும் ஒத்து ஊதினேன். சில மாதங்களில் தெளிந்து, தன் பழைய சம்மாட்டியின் படகிலேயே மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்தார். அந்தப் பக்கம் படகு முதலாளியைச் சம்மாட்டி என்பார்கள்.

பேர், ஊர் சொல்லாமல், அவருக்குப் பார்த்த வைத்தியத்தைக் குறித்துவைத்த நோட்டுப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவதாகத்தான் டாக்டர் இருந்தார். நான்தான் விடவில்லை. "நோட்டைப் படிச்சா யாருங்க நம்புவா? ஆளையே கொண்டாந்து நிறுத்திருவோம்" என்றேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து அந்த மனிதரின் மடியில் விட்டேன். அவரிடம், "ஒரு மணி நேரந்தாங்க" என்று சொல்லி, என் சட்டையையும் கொடுத்து பஸ் ஏற்றினேன்.

மேடையில் கிழமை கேட்டார்கள், கணக்குக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். ஒருவர் விளையாட்டாக, இன்று கடலில் என்ன காற்று என்றார். "காலையில கொண்டல்ங்க, கெழக்குக் காத்து. இங்கிட்டு இருந்தா ஒங்களுக்கு எங்க தெரியப்போகுது?" என்றார். மண்டபமே கைதட்டியது. மேடையேறியவரை மாலை போடாமல் இறக்கும் வழக்கம் நம்மிடம் கிடையாதே. சம்பங்கி மாலை ஒன்று போட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "போட்ட மாலையை வீசக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்றேன்.

மாலையோடு வந்தவரைக் குப்பம் சும்மா விடுமா? எதற்கு மாலை என்று கேட்டார்கள். அவருக்குப் பொய் வராது. பொழுது சாய்வதற்குள், வந்தது காய்ச்சல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் அவர் படகுக்குப் போனால், அவரோடு ஏற ஆளில்லை. நடுக்கடலில் அந்த நோய் திரும்பி வந்தால் அஞ்சு உயிர் என்ன ஆவது என்றார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை, கேலி செய்யவுமில்லை. படகில் இடம் மட்டும் இல்லை. அதுதான் அவருக்குச் சோறு.

விஷயம் தெரிந்ததும் டாக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். சம்மாட்டியிடம் அரைமணி நேரம் பேசினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, ஒங்க வார்த்தையை நம்புறேன். நாளைக்கு அவன் வரட்டும். கூட நீங்களும் ஒரு நடை வாங்க. நீங்க ஏறிட்டா எவனும் பேசமாட்டான்" என்றார். டாக்டர் கடலைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மீனவரையும் ஒருமுறை பார்த்தார். "நாளைக்குத் திருச்சியில ஒரு மீட்டிங் இருக்கு" என்றார். அப்படி ஒரு மீட்டிங்கும் இல்லை. அவருடைய கூட்டங்களையெல்லாம் குறித்துவைப்பவன் நான். நான் வாரேன் என்று நானாவது சொல்லியிருக்கலாம். அந்த மனிதர்தான் பேசினார்: "விடுங்க சம்மாட்டி, ஐயாவுக்குக் கடல் பழக்கமில்ல."

அடுத்த வாரம் மாத்திரையோடு போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார்கள்; எங்கே என்று கடைசிவரை தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்கான அறிக்கையில், அவருக்கு நேரே 'குணமடைந்தார்' என்று டாக்டர் சொல்ல, நான் எழுதினேன்.

இப்போது அந்த மாத்திரை பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கிறது. கூட்டங்களும் நடக்கின்றன, பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். போனமுறை ஓர் இளம் டாக்டர், "இத்தனை ஆதாரம் இருந்தும் ஜனங்க ஏன் குணமானவங்களை நம்பமாட்டேங்கிறாங்க?" என்று ஆதங்கத்தோடு கேட்டார். பெரியவர் ஏதாவது சொல்லுங்கள் என்று மைக்கை என்னிடம் நீட்டினார்கள். தொண்டை சரியில்லை என்று கையசைத்துவிட்டேன்.