முத்துக்குடாவில் காணும் பொங்கல்: கட்டுச்சோற்றோடு வந்த கூட்டம்

கடற்கரை ஊர்கள் எப்படி வளர்கின்றன என்று நூலகத்தில் படித்திருக்கிறேன். முதலில் ரயில் வரும், பிறகு விடுதிகள், பிறகு கூட்டம். நம் மாவட்டத்தில் அப்படி ஓர் ஊர் இப்போதுதான் வளர்கிறது என்பதால் இந்தக் காணும் பொங்கலுக்கு முத்துக்குடா போனோம். இன்னொரு காரணமும் உண்டு. படகுத்துறைக்குப் பக்கத்தில் செல்விச் சித்தி அன்றுதான் சாப்பாட்டுக் கடை திறந்தார். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து ஆறு மாதம் ஆகிறது. கடை ஓடாவிட்டால் மறுபடியும் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார்.

திருமயத்தில் காலை ஆறரைக்கு நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் மாறி, மீமிசலில் இறங்கியபோது பத்து மணி ஆகியிருந்தது. பண்டிகை நாளில் நின்றுகொண்டே வரத் தயாராக இருங்கள். அங்கிருந்து ஆட்டோ.

"அலை பாக்க வந்தீங்கன்னா ஏமாந்துருவீங்க தங்கச்சி," என்றார் டிரைவர். "இங்கிட்டுக் கடலு கொளம் மாதிரி கெடக்கும். முன்னாடியெல்லாம் சவாரியே வராது. இப்ப லீவு நாளுன்னா எனக்குச் சாப்பிட நேரமில்ல."

அவர் சொன்னது சரிதான். கடல் அசையாமல் கிடந்தது. ஒரு சிறுவன், "அலையை எப்பப்பா போடுவாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால் நாங்கள் ஏறிய படகு அலையாத்திக் காட்டுக்குள் திரும்பியதும் அந்தச் சிறுவன்கூட அலையை மறந்துவிட்டான். இரண்டு பக்கமும் வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன. நடுவில் பச்சைத் தண்ணீர். அலை இல்லாததுதான் இந்த ஊரின் குணம். படகுக் கட்டணம் மாறக்கூடும் என்றார்கள், அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டரைக்குச் சித்தியின் கடைக்குப் போனோம். தகரக் கூரை, நான்கு மேசை, பெரிய அண்டாவில் சோறு, மசாலா தடவிய மீன் ஒரு தட்டு நிறைய. சாப்பிட ஒருவர்கூட இல்லை. வெளியே வெயிலில் கூட்டம் கூட்டமாகத் துண்டு விரித்து, தூக்குவாளிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். காணும் பொங்கலுக்கு வீட்டிலிருந்து சோறு கட்டாமல் யார் வெளியே கிளம்புகிறார்கள்?

நாங்களும்தான். அம்மாவின் பையிலிருந்த வாளியைச் சித்தி பார்த்துவிட்டார்.

"ஏக்கா, ஒனக்கே இது நல்லாருக்கா? என் கடைக்கு வாரப்பவே புளிச்சோறா?"

"வழியில பசிக்குமேன்னு கட்டுனேன்டி. கை பழக்கம்," என்றார் அம்மா. சித்தப்பா அடுப்பைத் தணித்தார். சித்திக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது ஒருவர் வாசலில் வந்து நின்றார். "எலுமிச்சைச் சோறு வச்சிருக்கோம்ங்க. மீனு மட்டும் நாலு வறுத்துத் தருவீங்களா?"

"மீன் மட்டும் தாரதில்லைங்க. சாப்பாட்டோடதான்," என்றார் சித்தி.

"அட, குடுறி!" அம்மா எழுந்துவிட்டார். "நீங்க ஏங்க வெயில்ல ஒக்காந்திருக்கீங்க? எலையோட உள்ள வாங்க. சோறு ஒங்களுது, மீனு எங்களுது."

ஏழு பேர் உள்ளே வந்தார்கள். நான் பலகையில் 'மீன் சாப்பாடு' என்பதை அழித்துவிட்டு, 'உங்கள் சோறு, எங்கள் மீன் வறுவல். நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம்' என்று எழுதி வெளியே சாய்த்து வைத்தேன். இரண்டு மணிக்கு மேசை போதாமல் பாய் விரித்தோம். மூன்றரைக்கு மீன் தீர்ந்தது. அண்டாச் சோறு அப்படியே இருந்தது.

"சோத்துக்கடை வச்சு சோத்தைத் தவிர எல்லாம் வித்துட்டியேடி," என்று அம்மா சிரித்தார். சித்தப்பா தட்டைக் கழுவியபடி சித்தியிடம் கேட்டார்: "ஞாயித்துக்கெழமைக்கு எத்தனை கிலோ மீன் சொல்லட்டும்?"

சித்தி பதில் சொல்வதற்குள் மீமிசல் ஆட்டோ வந்துவிட்டது.

போகிறவர்களுக்கு: காலையிலேயே படகில் ஏறிவிடுங்கள். தொப்பி, குடிதண்ணீர் அவசியம். படகு வந்துவிட்ட இந்த ஊருக்கு நிழல் இன்னும் சரியாக வரவில்லை. கடைசி பஸ்ஸை மீமிசலில் இறங்கும்போதே விசாரித்து வையுங்கள். சோறு கட்டிக்கொண்டே போங்கள், யாரும் கோபப்பட மாட்டார்கள். ஆனால் வாளியைக் கொஞ்சம் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். புளிச்சோற்றோடு போன எங்கள் வாளி, சித்தியின் வெள்ளைச்சோறு நிரம்பி, மூடி சரியாக மூடாமல் திருமயம் வந்து சேர்ந்தது.