நேரில் பார்த்த ஜெனரேட்டர்

எங்கள் ஊர்த் தேவாலயச் சபையின் கணக்கைத் தணிக்கை செய்வது நான்தான். புத்தகம் வாசிப்பவன் நேர்மையானவன் என்று எங்கள் கொல்லயில் ஊர்ப் பக்கம் இன்னும் நம்புகிறார்கள். இம்முறை செயலாளர் வீட்டில் வாழைப்பழத்தைப் பொரித்த சூடான பழம்பொரி தின்றபடியே, "பொருட்கள் அனைத்தையும் நேரில் பார்த்தேன்" என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

பொதுக்கூட்டத்தில் பக்கத்தில் வந்தமர்ந்த மெக்கானிக் ஸ்டீபன் காதருகே கேட்டான்: "அண்ணா, ஜெனரேட்டரையும் கண்டியளா? ஆறு மாசமா அது எனக்க ஒர்க்‌ஷாப்புலயாக்கும் பிரிஞ்சு கெடக்கு."

செயலாளர் என் அறிக்கையை வாசிக்க எடுத்துவிட்டார். வாசித்து முடித்தால் என் பொய் சபையின் ஆவணமாகிவிடும். எழுந்தேன்.

"வாசிக்காதிங்க. நான் ஒண்ணையும் பாக்காம, பழம்பொரி தின்னுகிட்டாக்கும் ஒப்புப் போட்டேன்."

"பழம்பொரிய மட்டும் நேருல பாத்தீரோ?" என்றது பின்வரிசை.

இப்போதெல்லாம் கோயில்மணி வரை தொட்டுப் பார்த்த பிறகே பழம்பொரி. அதற்குள் அது ஆறிவிடுகிறது.