மலை இறங்கும் பேட்டரி சைக்கிள்கள்

வண்டி பத்திரமாக இறங்கினால் ஓட்டியவர் கெட்டிக்காரர், விழுந்தால் மெக்கானிக் சரியில்லை. இதுதான் எங்கள் தொழில். வண்டியை விட்டுவிட்டுக் கடை வாசலில் நின்று தவிக்கிற உங்களுக்கும், உள்ளே வியர்த்துக்கொண்டிருக்கிற எனக்கும் பெரிய வித்தியாசமில்லை. சிம்மக்கல்லில் ஒரு பைக் ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது திருநகரில் சொந்தக் கடை வைத்திருக்கிறேன். பாறையும் சரளையுமான மலைச்சரிவில் இறங்குகிற பேட்டரி சைக்கிள்களுக்கு உறுதியான ஷாக் அப்சார்பராகப் பார்த்து மாற்றிக் கொடுப்பது வேலை. மதுரையில் இதற்கு யார் வரப்போகிறார்கள் என்றார்கள். வந்தார்கள், வந்தவர்களால்தான் நன்றாக இருக்கிறேன்.

தெரியாது என்றேன்

கடை திறந்த புதிதில் தவமணி வந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நாகமலையில் இறங்கும்போது முன்பக்கம் டொக் டொக்கென்று இடிக்கிறது என்று சொல்லி, வீங்கிய மணிக்கட்டைக் காட்டினார். வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து நல்ல கனம். முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்வைத் தாங்குகிற ஃபோர்க்கோ, தெருவில் ஓட்டுகிற சைக்கிளுக்கு உரியது. இந்தக் கனத்தோடு பாறையில் குதித்தால் அது முழுசாக அமுங்கி அடியில் முட்டத்தான் செய்யும்.

தடித்த குழாய் உள்ள ஃபோர்க் போடவேண்டும். ஆனால் நான் அதுவரை பிரித்ததெல்லாம் மோட்டார் பைக் ஃபோர்க்குகள். "டீச்சர், இந்த மாதிரி ஃபோர்க்கை நான் கழட்டினதே இல்ல. படிச்சுப் பாத்துத்தான் செய்யணும்" என்றேன். வண்டியோடு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"நாலு கடை ஏறி இறங்கிட்டேண்ணே. தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன்."

எடை

திருமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கும் சின்னச்சாமி அண்ணனுக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் மாற்றினேன். காற்று அடைக்கிற வகை. ஓட்டுகிறவர் எடைக்குத் தக்கபடி அடைக்கவேண்டும். "எம்புட்டு எடைண்ணே?" என்றேன். "எழுபதுன்னு வச்சுக்க" என்றார். வைத்துக்கொண்டேன்.

ஏறி உட்காரச் சொன்னால், கால்வாசி அமுங்கவேண்டியது பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. வால்வைப் பார்த்தேன், காற்றை அடைத்து நிறுத்துகிற ரப்பர் சீல் போயிருக்கிறதா என்று பார்த்தேன், கசிவு இருக்கிறதா என்று சோப்புத்தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அப்படியே அனுப்பினால் முதல் குழியிலேயே ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். மதியம் வரை மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கூட வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, கடைசியில் எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"அவரு சொன்னது எங்க கல்யாணத்தப்ப இருந்த எடை தம்பி. இன்னும் ஒரு இருபத்தஞ்சு சேத்துப் போடுங்க, எனக்கு ஆளு முழுசா வேணும்."

பாண்டி கேட்ட ஸ்பானர்

கொடைக்கானல் மலையில் ஒரு எஸ்டேட்டில் சரிவில் இறங்கும் போட்டி நடந்தது. தவமணி டீச்சரும் இறங்கினார். நீளமான சரிவில் காற்று வகை சூடேறித் துள்ளும் என்பதால், அவருக்குப் பின்பக்கம் ஸ்பிரிங் வகையாக மாற்றிக் கொடுத்திருந்தேன். ஒத்திகையில் அதன் சீல் போய் எண்ணெய் ஒழுக ஆரம்பித்துவிட்டது. என்னிடம் மாற்று இல்லை. டீச்சர் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்போது பாண்டி வந்து, "ஸ்பானரைக் குடுங்கண்ணே" என்றார். வங்கியில் வேலை பார்ப்பவர், அவரும் என் வாடிக்கையாளர்தான். டீச்சர் வண்டியும் அவர் வண்டியும் ஒரே மாடல், எடையும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் டீச்சருக்கு அடுத்து இறங்கவேண்டியவரே அவர்தான். தன் ஷாக் அப்சார்பரைக் கழற்றிக் கொடுத்தால் திருப்பி மாட்ட நேரம் இருக்காது.

"அப்ப நீ இறங்கலையா மாப்ள?"

"டீச்சர் வருசம் பூரா இதுக்காகத்தான் ஓட்டுறாங்க. நீங்க அந்தப் பக்கம் போல்ட்டைப் பிடிங்க."

டீச்சர் விழாமல் இறங்கி மூன்றாவதாக வந்தார். கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. நான் பாண்டியைத் தேடினேன். கடைசி வளைவில் ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தார். போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சரிவைக் காட்டிச் சொன்னார்.

"இத்தனை நாளும் நான் அதுக்கு மேலதானே உக்காந்திருந்தேன். நம்ம ஷாக்கப்சர் எப்படி வேலை செய்யுதுன்னு இன்னிக்குத்தான்ணே கண்ணால பாத்தேன்."

இந்த ஆட்கள் கொடுக்கிற அதிர்ச்சிகளைத் தாங்குவதற்கென்றே ஒரு ஷாக் அப்சார்பர் வந்தாலும், அதை என் மேல் மாட்டிக்கொள்கிற எண்ணம் எனக்கில்லை.