சித்திரை மாதத்துப் படம்

1. எழுதியது நான்தான்

தஞ்சாவூர் நில வரைபட ஆபீசில், படத்துக்கு அடியிலிருந்து வெளிச்சம் காட்டும் லைட் டேபிள் மேல் குனிந்திருந்தேன். ஐந்து பெண்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் நின்றவர் அஞ்சம்மாள், செங்கொடி பிடிக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்.

"எங்க கோரைத்திடலத் தரிசுன்னு எழுதுனது யாருங்க?"

எழுதியது நான்தான்.

அதற்கு முன் இரண்டு வருஷம் எனக்கு ராஜஸ்தான் பாலைவனத்தில் வேலை. சேட்டிலைட் படத்தில் பச்சை உள்ள இடமெல்லாம் சிவப்பாக விழும்; வெறும் மணல் வெள்ளை. வெள்ளைக்கு நடுவே லேசாக ரோஸ் தெரிந்தால் புல். புல் இருந்தால் மான். ஜீப்பில் போய்ப் பார்த்தால் மான் நிற்கும். எஸ்.எஸ்.எல்.சி.யோடு, வரைபடங்களைப் பிரதி எடுக்கும் டிரேசராகச் சேர்ந்து, டிகிரிக்காரர்கள் பேசுவதைக் கேட்டே தொழில் கற்றவன் நான். அந்த மான்கள் எனக்குத் தலைக்கனம் ஏற்றிவிட்டன. திரும்பி வந்ததும், திருவாரூருக்குக் கிழக்கே இருந்த அந்தத் திடல் வெள்ளையாகத் தெரிய, நேரில் போகாமலே தரிசு என்று குறித்துவிட்டேன். அதைக் காட்டி ஒரு மிராசுதார் இறால் பண்ணைக்கு அரசிடம் குத்தகை கேட்டிருந்தார். கொடுத்துவிட்டால், அங்கே கோரை அறுத்துப் பிழைக்கும் ஒரு தெருவே வேலையற்றுப் போகும்.

எந்த மாதத்துப் படம் என்று கேட்டார் அஞ்சம்மாள். சித்திரை என்றேன். சிரித்துவிட்டார்.

"ஆத்துல தண்ணி வரத்து நின்னு, அறுப்பு முடிஞ்சி, ஆடும் மேஞ்சப்பறம் பாத்தா ஜில்லாவே தரிசுதாங்க. தலமுழுவிட்டு முடி காயவைக்கிறப்ப வந்து, பூ வைக்கலையேன்னு கேக்குறாப்புல இருக்கு."

காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். படத்தைப் பார்த்ததும் ஊரை மறந்துவிட்டேன்.

2. மார்கழிப் படம்

கொடுத்த ரிப்போர்ட்டை நீயே தப்பு என்பாயா என்று மேலதிகாரி கத்தினார். தப்புதான் என்று எழுதியே கொடுத்தேன். மார்கழிக் கடைசியில் எடுத்த படம் வந்தது. திடல் முழுக்க அடர்சிவப்பு. சுற்றிலும் கறுப்பாகத் தண்ணீர்.

இந்தத் தடவை நேரில் போனேன். இடுப்பளவு தண்ணீரில் அஞ்சம்மாள் முன்னே நடந்தார். கருவேல மரமெல்லாம் நத்தைகுத்தி நாரைக் கூடுகள்.

"நல்லா எண்ணுங்க சார். ஒண்ணு கொறஞ்சாலும் தரிசுன்னு எழுதிப்புடுவீங்க."

3. விசாரணை

வருவாய்த் துறை ஆர்.டி.ஓ. மேஜையில் இரண்டு படத்தையும் விரித்தேன். மிராசுதார் எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் செவப்பா இருக்கு. சங்கத்து ஆளுங்க கலர் அடிச்சுக் குடுத்துருக்காங்க."

ஆர்.டி.ஓ.வே சிரித்துவிட்டார். அஞ்சம்மாள் சிரிக்கவில்லை. வாய்க்காலுக்குத் தெற்கே யார் நிலம் என்று என்னிடம் கேட்டார். மிராசுதாரின் சம்பா வயல் என்றேன். மார்கழிப் படத்தில் அதுவும் நல்ல சிவப்பு. சித்திரைப் படத்தில் திடலைப் போலவே வெள்ளை.

"அய்யாவும் நம்ம சங்கத்துல சேந்துட்டாங்க போலருக்கு," என்றார் அஞ்சம்மாள். பிறகு ஆர்.டி.ஓ. பக்கம் திரும்பி, "சித்திரைப் படந்தான் சரின்னா, அய்யா வயலயும் தரிசுல சேத்து எழுதிருங்க சார்."

அந்த மேஜையிலேயே குத்தகை மனு தள்ளுபடியானது. தரிசு என்ற சொல்லை அடித்து, 'கோரை, பறவைகள் தங்குமிடம்' என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் போல ஆனந்தமாக நான் போட்ட கையெழுத்து வேறில்லை.

அதற்குப் பிறகு எந்தப் படம் வந்தாலும் மூலையில் பென்சிலால் தமிழ் மாதத்தைக் குறித்துவிட்டுத்தான் தொடுவேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், பஞ்சாங்கம் வந்துவிட்டது என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். வானத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு இடம் தெரியும். மாதம் தெரிய, அந்தத் தண்ணீரில் இறங்கி நடக்கிறவரைத்தான் கேட்க வேண்டும்.