நியூட்ரலில் வந்த சத்தம்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மகளின் புதுக் காரில் நெய்வேலிக்குப் போனோம். பேட்டரி வண்டி. கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. பண்ருட்டியில் வாங்கிய பலாப்பழம் டிக்கியிலிருந்து மணத்துக்கொண்டே வந்தது. நகரியத்துக்குள் நுழைந்ததும் என் கணவருக்குக் கை துறுதுறுத்தது. மகளிடமிருந்து ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார். முதல் வேகத்தடையில் அவருடைய இடது கால் இல்லாத கிளட்சைத் தேடி எழுந்து வெறும் தரைவிரிப்பை அழுத்தியது. பின் இருக்கையிலிருந்து அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு.

அந்த இடது காலைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நெய்வேலியில் வேலை பார்த்த காலத்தில் அவர் அனல்மின் நிலையத்தில் இருந்தார், நான் சுரங்கத்தில் நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருந்தேன். மின் நிலையத்து ஆட்களுக்கு ஒரு சட்டம் உண்டு. இயந்திரத்தில் கை வைக்குமுன் அதை இரண்டு இடத்தில் துண்டிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் இன்னொன்று உயிரைக் காப்பாற்றும். நல்ல சட்டம்தான். ஆனால் அதை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். அடுப்பை அணைத்தபின் சிலிண்டரையும் மூடுவார், அதையாவது ஒப்புக்கொள்ளலாம். மின்விசிறியை ரெகுலேட்டரில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு சுவிட்சையும் அணைப்பார். வேர்க்க விறுவிறுக்க வந்து சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றாது. கல்யாணமான புதிதில் அது ரிப்பேர் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அசடு வழிந்திருக்கிறேன்.

நான் மட்டும் என்ன, ஒழுங்கா? மற்ற பெண்கள் நகைச்சீட்டு கட்டிய வயதில் நான் கார் வாங்கினேன். புதுச்சேரியில் ஒருவர் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது விற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, சிவப்பு நிறம், உட்கார்ந்தால் ரோடு இடுப்புக்கு வந்துவிடும். ஷிப்ட் பஸ்கள் போன பிறகு நகரியத்துச் சாலைகள் காலியாகக் கிடக்கும். அந்த நேரத்தில் மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்குத் தள்ளும்போது அந்த வண்டி ஒரு உறுமல் உறுமும். சொன்னால் சிரிப்பீர்கள், அதைக் கேட்பதற்காகவே கடைக்குத் தேங்காய் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அப்படிப்பட்ட வண்டி கத்த ஆரம்பித்தது. கியர் மாற்றும்போதெல்லாம் காய்ந்த இரும்பைத் தேய்ப்பது போல ஒரு கிர்ர்ர். வீட்டு வாசலில் நிறுத்தி, என் கணவர் நியூட்ரலில் போட்டு ஓடவிட்டாலும் அதே கிர்ர்ர்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் ஆளுக்கொரு செக்‌ஷன், ஆளுக்கொரு வைத்தியம். எதிர்வீட்டுப் பழனிச்சாமி அண்ணன் ஈரோட்டுக்காரர், பாய்லரில் வேலை. "இது எங்கியோ ஓட்டை விழுந்து காத்துப் போவுதுங்," என்றார். மின்சாரப் பிரிவில் இருந்த இன்னொருவர் டைனமோ என்று சத்தியம் செய்தார். நான் என் பங்குக்கு ரோலர் பேரிங் காய்ந்த சத்தம் மாதிரி இருக்கிறது என்றேன். கன்வேயர்க்காரிக்கு உலகமே ரோலர்தான்.

வடலூர் ரோட்டில் கடை வைத்திருந்த மெக்கானிக் கோதண்டத்தை அழைத்து வந்தோம். என் கணவர் சீட்டில் உட்கார்ந்து என்ஜினை ஓடவிட்டார். கோதண்டம் பானெட்டுக்குள் தலையை விட்டு வெகுநேரம் கேட்டார்.

"நியூட்ரல்ல தான வெச்சிகினு இருக்கீங்க?"

"நியூட்ரல்தான்."

"நியூட்ரல்லயே இப்பிடிக் கத்துதுன்னா கியர்பாக்ஸ் உள்ள போச்சுங்க. இந்த வண்டிக்கு உள்சாமான் கெடைக்காது. யார்னா வந்து கேட்டா குடுத்துடுங்க."

கேட்க ஆள் வந்தார். விருத்தாசலத்தில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர். ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டி இழுத்துப்போவதாகப் பேச்சு. "ஓடாத வண்டிய வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?" என்றார் என் கணவர். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் மனசு கேட்கவில்லை. யாரும் வாங்கித் தராமல், யார் சொல்லியும் வாங்காமல், நானாக ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள் அது. அது துண்டு துண்டாகி ஒரு தகரக் கொட்டகையில் தொங்கப்போகிறது என்பதை நினைக்கவே பிடிக்கவில்லை.

ஞாயிறு காலையில் விருத்தாசலத்துக்காரர் கயிறும் வேனுமாக வந்துவிட்டார். கூடவே கோதண்டமும் வந்தார். என்ஜினாவது நன்றாக இருக்கிறதா என்று விருத்தாசலத்துக்காரர் கேட்க, என் கணவர் வண்டியை ஓடவிட்டார், கோதண்டம் பானெட்டுக்குள் தலையை விட்டார். கிர்ர்ர். பிளாக்கில் பாதிப்பேர் வாசலுக்கு வந்தாயிற்று. சீட்டுக்கடியில் என் குடை கிடப்பது ஞாபகம் வந்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து குனிந்தேன்.

குடைக்கு முன்னால் என் கண்ணில் பட்டது அவர் இடது கால். கிளட்சைத் தரையோடு அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, நியூட்ரல்லதானே இருக்கு? கிளட்ச எதுக்கு மிதிச்சிருக்கீங்க?"

"நியூட்ரல் ஒண்ணு, கிளட்ச் ஒண்ணு. ஆளுங்க பானெட்டுக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கிறாங்க. வண்டி பாஞ்சிடுச்சுன்னா?"

ரெகுலேட்டரும் சுவிட்சும். அதே கதை.

எனக்குப் பொறி தட்டியது. கன்வேயரில் பெல்ட்டை ஓட்டும் டிரைவ் கத்தினால் நாங்கள் முதலில் செய்வது என்ன? சுமையோடு ஓட்டிப் பார்ப்போம், சுமையை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்போம், எப்போது சத்தம் போகிறது என்று பார்ப்போம். தினமும் செய்கிற காரியம், சொந்தக் காருக்கு மட்டும் தோன்றவில்லை. இத்தனை நாளும் அவர் கிளட்சை மிதித்தபடி இருக்கத்தான் நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மிதித்தால் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே அறுந்துபோகும். கியர்பாக்ஸ் சும்மா நிற்கிற நேரத்தில் வருகிற சத்தத்துக்கு கியர்பாக்ஸ் எப்படிப் பொறுப்பாகும்? கியர் மாற்றும்போது வந்ததும் அந்த மிதியில்தான்.

"காலை எடுங்க," என்றேன்.

தயங்கித் தயங்கி எடுத்தார். சத்தம் நின்றது.

என்ஜின் மட்டும் பூனைபோல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கியர்பாக்ஸ் அதோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் அதனிடமிருந்து ஒரு முனகல் கூட இல்லை.

"மறுக்கா அமுக்குங்," என்றார் பழனிச்சாமி அண்ணன். அமுக்கினார். கிர்ர்ர். எடுத்தார். அமைதி. "மறுக்கா அமுக்குங்." குழந்தைகளுக்கு ஊதல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது எங்களுக்கு. ஒவ்வொருவராக வந்து மிதித்துப் பார்த்தார்கள்.

கோதண்டம் தலையை நிமிர்த்திச் சிரித்தார். "கிளட்ச் ரிலீஸ் பேரிங்குங்க, மிதிச்சா மட்டுந்தான் அது சுத்தும். பாக்ஸ எறக்கணும், ஆனா பிரிக்கத் தேவ இல்ல. சாரு ஓட்டும்போதும் கிளட்ச் மேலயே கால வெச்சிகினு ஓட்டுவாரா?"

சாரு குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்.

"அப்ப வண்டி குடுக்கலீங்களா?" என்றார் விருத்தாசலத்துக்காரர், கயிற்றைச் சுருட்டியபடி.

"இல்லீங்க. ஆனா இட்லி ரெடியா இருக்கு, சாப்ட்டுத்தான் போகணும்," என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக யாருக்கும் இட்லி பரிமாறியதில்லை.

புதுப் பேரிங் போட்ட அன்று சாயங்காலம் நானே எடுத்தேன். ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச் வெண்ணெயாக இறங்கியது. நான்காவதில் அந்தப் பழைய உறுமல் திரும்ப வந்தபோது, ஜன்னலை இறக்கிவிட்டு நானும் கத்தினேன். பக்கத்து சீட்டில் என் கணவர் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதன்பின் வெகுகாலம் அந்த வண்டி எங்களோடு இருந்தது. பிறகு துருவேறி, அதன் நேரம் வந்து போயிற்று. எங்கள் நேரமும் வந்தது. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும் அல்லவா? அந்தக் காரைச் சுற்றி நின்றவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். பழனிச்சாமி அண்ணன் ஈரோடு போனவர், இப்போது இல்லை.

போன மாதம் அந்தப் பழைய வாசலில், காரை விட்டு இறங்காமல், கொஞ்ச நேரம் நின்றோம். எங்கள் வீட்டுக் கதவும் எதிர்வீட்டுக் கதவும் பூட்டியிருந்தன, படியெல்லாம் புல் முளைத்திருந்தது. பேட்டரி வண்டி, என்ஜின் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. என் கணவரின் இடது கால் தரைவிரிப்பை அழுத்தியபடியே இருந்தது.

"காலை எடுங்க," என்றேன்.

எடுத்தார். நின்றுபோக அங்கே சத்தமே இல்லை. மறுபடி அமுக்கச் சொல்ல எதிர்வீட்டில் ஆளும் இல்லை.