செபஸ்தியாருக்கு எண்ணெய்

எங்கள் கோயிலுக்குப் புதுச் செபஸ்தியார் சுரூபம் வந்திருக்கிறது. போன ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு, கிட்டப் போய் விரலால் தட்டிப் பார்த்தேன். ஃபைபர். விலாவில் நின்ற அம்பை மெல்ல இழுத்தும் பார்த்தேன். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். மீன் வாங்கினாலும் செவுளைக் கிளப்பிப் பார்க்காமல் விடாத ஆள் நான். அம்பு அசையவில்லை. உடலோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள்.

பழைய சுரூபம் மரம். அம்புகள் கழன்று வரும். கொடியேற்றத்துக்கு முதல்நாள் அவற்றைக் கழற்றி மினுக்குவார்கள். அந்த நேரம், கடலுக்குப் போகிற ஆள் உள்ள வீட்டுப் பெண்கள் வந்து துளைகளில் விரலால் தேங்காயெண்ணெய் தடவுவார்கள். அம்பு பட்டவரைச் செத்தார் என்று எய்தவர்கள் விட்டுப்போக, இரேனம்மா என்ற விதவை எடுத்துப்போய் மருந்து போட்டுப் பிழைக்க வைத்தார் என்பது கதை. கோயில் முழுக்க எண்ணெய் மணக்கும். இன்றும் குசினியில் போத்தலைத் திறந்தால் எனக்குக் கறி ஞாபகம் வருவதில்லை.

அப்போது நான் படித்து முடித்து வந்த புது மாஸ்டர். திருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் நவநாளில் புனிதரின் வரலாறு வாசிக்கும் வேலையைப் பாதர் என்னிடம் தந்தார். தந்த புத்தகத்தை நான் நம்பவில்லை. தேடிப் பார்த்தால் உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம்தான்: அப்படி ஒருவர் வேதசாட்சியாக இறந்தார், உரோமைக்கு வெளியே புதைத்தார்கள், தை மாதத்தில் நினைவுகூர்ந்தார்கள். அம்பும் இரேனம்மாவும் நூறு வருடத்துக்கு மேல் கழித்து எழுதப்பட்டவை. கள்ளனைப் பிடித்த பொலிஸ்காரனைப் போலத் திரிந்தேன்.

அந்த வருடம் எங்கள் ஊர்த் திரேசக்காவின் புருஷன் நிலாவெளிப் பக்கம் வலைக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் கரையில் ஒதுங்கியது. வலை மடித்தபடி காய்ந்து கிடந்ததை நானும் பார்த்தேன். அக்கா எண்ணெய்ப் போத்தலோடு வந்து நின்றார்.

"மாஸ்டர், செத்திட்டார் எண்டு விட்டிட்டுப் போன ஆள்தானே திரும்பி எழும்பினவர்?"

"அப்பிடித்தான் கதை, அக்கா. ஆனா ஆதாரம் இல்லை. பிறகு ஆரோ எழுதினது."

கோயில் வேலை பார்த்த அந்தோனி அண்ணை, அம்பு மினுக்கிய கையை நிறுத்தாமலே சொன்னார்: "மாஸ்டர் அப்ப உரோமாபுரியில பக்கத்து வளவில இருந்தவர் போல."

அக்கா சிரிக்கவில்லை. "ஓம், நீங்கள் படிச்சனீங்கள்," என்று போத்தலை மூடினார். துளையில் விரல் வைக்கவேயில்லை.

அடுத்த கிழமை துக்கக் கறுப்புச் சேலை உடுத்தார். பின்னேரங்களில் துறையில் போய் நிற்பதை விட்டார். ஊர் ஊராக விசாரித்துத் திரிந்த தம்பியையும், "தேடினது காணும், விடு" என்று நிறுத்தினார்.

பல நூற்றாண்டுக்கு முந்திய மனிதரிடம் ஆதாரம் கேட்ட நான், அக்காவின் புருஷன் கடலில் தாண்டுபோனார் என்று துறையில் சொன்னவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆர் கண்டது? உடல் எங்கே? வலை ஏன் நனையவில்லை? கடலில் நேவி நின்ற சண்டைக் காலம்; அப்படிக் கேட்கப் பயம். செபஸ்தியாரைச் சந்தேகிக்க ஒரு பயமும் இருக்கவில்லை.

வலைக்குப் போனவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. திரேசக்கா அன்புவழிபுரத்தில், கடைசிவரை கறுப்புச் சேலையோடு இருந்து போய்ச் சேர்ந்தார். பழைய சுரூபத்தைக் கறையான் தின்றுவிட்டது. புதியவரின் மேனியில் விரல் வைக்க ஒரு துளை இல்லை. போன ஞாயிறு சட்டைப்பையில் கொண்டுபோன சின்ன எண்ணெய்ப் போத்தலைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.