நாகேஸ்வரி பந்து பார்க்கிறாள்

முதல் றோலை நாகேஸ்வரி யாருக்கும் கொடுப்பதில்லை. ஆட்ட நாளில் கார் தரிப்பிடத்தில் டிக்கியைத் திறந்து, சின்ன காஸ் அடுப்பில் தாச்சியை ஏற்றி, எண்ணெய் கொதித்ததும் போடுகிற முதல் மட்டன் றோலை, மைதானத்து மதிலைப் பார்த்தபடி நின்று தானே தின்று முடிப்பாள். அதுவரை யாரும் அவளோடு பேசக் கூடாது. புருசன் தவராசா எதையாவது கேட்டுவைத்தால், பதிலாகக் கரண்டி ஒருமுறை காற்றில் அசையும். பொறுங்கள் என்று அர்த்தம். கலியாணமாகி முப்பது வருடமாக அவர் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வயது ஐம்பத்தெட்டு. லண்டன் எட்மண்டனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. உதைபந்தாட்ட நாள் என்றால் சல்வாருக்கு மேலே ஒரு பச்சை ஜேர்சி ஏறிவிடும். ஆண்கள் அளவு, முழங்கால் வரை தொங்கும். அதில் இருப்பது மார்ஷ்சைட் ரவுன் கழகத்தின் சின்னம். பக்கத்திலேயே உலகம் அறிந்த பெரிய கழகங்கள் இருக்க, அடுத்த தெருக்காரனுக்கே பெயர் தெரியாத இந்தக் கழகம்தான் இவளுக்கு வாய்த்தது.

வாய்த்த கதையும் விசித்திரமானது. லண்டனுக்கு வந்த புதிதில் மைதானத்துக்கு எதிரேதான் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். சனிக்கிழமைகளில் எழும் கூச்சலில் கைக்குழந்தை லக்‌ஷிகா தூங்காமல் வீரிட்டாள். பொறுக்க மாட்டாமல் நாகேஸ்வரி குழந்தையோடு முறைப்பாடு சொல்லப் போனாள். அவளுடைய ஆங்கிலம் விளங்காத வாசல்காரன், பாவம், ஆட்டம் பார்க்க வந்திருக்கிறாள் என்று உள்ளே விட்டுவிட்டான். “அந்த முறைப்பாட்டை இவ இன்னும் குடுக்கேல்ல,” என்பார் தவராசா.

வீரர்களோடு அவள் தமிழில்தான் பேசுவாள். “டேய், இடப்பக்கம் பாரன். ஒருத்தன் சும்மா நிக்கிறானெல்லே.” ஒன்பதாம் இலக்கக்காரன் சிலவேளை திரும்பியும் பார்ப்பான். வெளியூர் அணியின் ஆதரவாளர்களுக்கும் றோல்ஸ் உண்டு. “அதுகளும் தூர இடத்திலயிருந்து வந்த பிள்ளையள்தானே,” என்பாள். ஆனால் அவர்களுக்கு வைக்கிற சம்பலில் உறைப்பு இரண்டு மடங்கு. பியர்க் குவளையோடு வரிசையில் நிற்கிற வெள்ளைக்காரர்கள் அவளை ‘ஆன்ரி’ என்கிறார்கள். இதெல்லாம் தவராசாவுக்குத் தாங்கக்கூடியதுதான்.

தாங்க முடியாதது ஒன்று உண்டு. அவர் மைதானத்துக்குள் வரக்கூடாது. மூன்று தரம் போயிருக்கிறார். மூன்று தரமும் கழகம் தோற்றது. “உங்களில ஒரு பிழையுமில்லையப்பா. கண்ணிலதான் பிழை,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அடுப்பு இறக்க, பாத்திரம் கழுவ, கார் ஓட்ட மட்டும் அவர் தேவை. ஆட்டம் தொடங்கினால் காருக்குள் இருந்து, மதிலுக்கு அப்பால் எழும் சத்தத்தை வைத்து யாருக்குக் கோல் என்று ஊகிக்க வேண்டியதுதான்.

இந்த மே மாதத்து ஞாயிறு பிளே ஓஃப் இறுதி ஆட்டம். வென்றால் கழகம் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு படி மேலே போகும். அதே நாள் பின்னேரம் ஆர்ச்வே முருகன் கோயிலில் லக்‌ஷிகாவின் சம்பந்தம் பேசி முடிக்க மாப்பிள்ளை ஜெனோசனின் வீட்டார் வருகிறார்கள். நாளைக் குறித்தவள் நாகேஸ்வரிதான். குறிக்கும்போது பிளே ஓஃப் வரை கழகம் போகும் என்று அவளே நம்பவில்லை.

“நாகேசு, சம்பந்தியாக்கள் காத்துக்கொண்டு நிக்கப் போகினம்.”

“ஓமப்பா, தெரியும். தொண்ணூறு நிமிசம்தானே. சீலை கார்ல கிடக்கு. முடிஞ்ச உடன வாறன்.”

“இழுபட்டா என்ன செய்யிறது?”

“வாயைக் கழுவுங்கோ.”

இழுபட்டது. ஒன்றுக்கு ஒன்று. மேலதிக நேரம் கொடுத்தார்கள், அதிலும் முடிவில்லை. பெனால்ரி உதைக்கப் போகிறார்கள் என்று ஒலிபெருக்கி சொன்னபோது லக்‌ஷிகாவின் அழைப்பு வந்தது.

“அப்பா, எங்க நிக்கிறியள்? ஜெனோசன்ட அம்மா தட்டு எல்லாம் கொண்டுவந்து வச்சிட்டா. அம்மா மட்ச்சுக்குப் போட்டா எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?”

“சொல்லாத பிள்ளை. வாறம்.”

தவராசா காரைப் பூட்டினார். கோபத்தில் இருமுறை பூட்டினார். வாசலில் நின்ற காவலாளி டெரெக் அவரைக் கண்டு வாயில் இருந்த றோலை விழுங்க மறந்துபோனான். அவருடைய தடை கார் தரிப்பிடம் முழுக்கத் தெரிந்த விசயம்.

“நீங்கள் உள்ளே போகிறீர்களா? இன்றைக்கா?”

“என்ர மகளின்ர வாழ்க்கையப்பா,” என்று தவராசா தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார்.

முதுகுகளை விலக்கி விலக்கிப் போய்ப் பச்சை ஜேர்சியைப் பிடித்தார். மார்ஷ்சைட் தன் உதைகளை அடித்து முடித்து ஒன்று முன்னால் நின்றது. எதிரணிக்கு ஒரே ஒரு உதை மிச்சம். தடுத்தால் வெற்றி. நீலச் சட்டைக்காரன் ஒருவன் பந்தை வைத்துப் பின்னால் நடந்துகொண்டிருந்தான்.

“நாகேசு, கோயில்ல எல்லாரும் —”

அவள் திரும்பினாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தார். ஏசவில்லை. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. இழுத்து வெளியே விட நேரமில்லை. கண்ணை மூடுங்கோ என்று சொன்னால் இந்த மனிசன் மூடுவார் என்ற நம்பிக்கையும் இல்லை. இடக்கையால் அவருடைய இரண்டு கண்களையும் அப்படியே பொத்தினாள்.

மிளகாய் உறைப்புக் கை. கண் எரிந்தது. உதை விழுகிற சத்தம் கேட்டது. பிறகு நிலம் அதிர்ந்தது. யாரோ முதுகில் அறைந்தார்கள். கண்ணைப் பொத்தியிருந்த கையை எடுக்காமலே அவள் தோளில் சாய்ந்ததில்தான் அவருக்கு விளங்கியது.

“கோலி பிடிச்சிட்டான்,” என்றாள் மெதுவாக.

அவருடைய சட்டைப்பையில் போன் மணி அடித்தது. நாகேஸ்வரி வலக்கையால் அதை எடுத்துக் காதில் வைத்தாள். மாப்பிள்ளையின் தாய் வசந்தமலர்.

“ஓம் அக்கா, வெளிக்கிட்டாச்சு. இஞ்ச சரியான சனம். சத்தம் கேக்குதே? ஓம், ஓம், எல்லாம் நல்லபடிதான் நடந்தது.”

சுற்றிலும் ஆயிரம் குரல்கள் பாடின. தவராசாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

“முடிஞ்சுதுதானே. கையை எடன்.”

“பொறுங்கோப்பா. கப்பை இன்னும் கையில குடுக்கேல்ல,” என்றவள், விரல்களை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.